பற்று

உப்பு தூவிய சாலைகளில்
ஒன்பது குளிர்காலம் ஓடிய வண்டி.
பரிசோதனை நிலையத்தில் டூகல்
சின்னச் சுத்தியால் அடியில் இரண்டு தட்டு தட்டினான்.
மூன்றாவது தட்டுக்குச் சத்தமே வரவில்லை,
சுத்தி உள்ளே போயிருந்தது.

அறுநூற்று நாற்பது பவுண்டு என்றார்கள் கராஜில்.
வண்டியை விற்றால் ஐநூறு வரும்.
விக்கிலிருந்து லைப்ஸ்டருக்கு
காலை ஐந்தரைக்குப் பஸ் இல்லை.
அங்கே மிசஸ் ஸ்வான்சன்
இடப்பக்கமாகவே படுத்துக் கிடப்பார்,
நான் போய்ப் புரட்டிவிடும் வரை.

படகை விற்றுவிட்ட ஒருவனிடம்
தொண்ணூறு பவுண்டுக்கு வாங்கினேன் வெல்டிங் மெஷினை.
முகமூடியைச் சும்மா கொடுத்தான்,
உள்ளே அவன் புகைத்த சிகரெட்டெல்லாம் இருந்தது.

முதல் இரவு, பொறியே இல்லை.
விசையை அழுத்துகிறேன், கம்பி மட்டும்
நூடுல்ஸ் மாதிரி நீண்டு தரையில் சுருள்கிறது.
எர்த் கவ்வியைப் பெயின்ட் மேல் மாட்டியிருக்கிறேன்.
எனக்கு நானே சொல்லிக்கொண்ட கெட்ட வார்த்தையை
இங்கே எழுதவில்லை.

இரண்டாம் இரவு பொறி உண்டு, ஓட்டையும் உண்டு.
பழைய கோப்பு அலமாரியின் தகரத்தில்
பட்டாணி அளவு துளையை அடைக்கப் போய்
காசு அளவு,
காசை அடைக்கப் போய்க்
கை நுழையும் அளவு.

முகமூடிக்குள் விசித்திரமான நியாயம் ஒன்று நடக்கிறது.
தலையாட்டினால் கண்ணாடி விழும்,
கும்மிருட்டு. எங்கே நிற்கிறேன்,
நுனி எங்கே, இரும்பு எங்கே, தெரியாது.
தொடங்கினால்தான் தெரியும்.
தொடங்கிய பிறகும்
ஒரு நகக்கண் அளவுதான் தெரியும்:
பச்சை வெளிச்சத்தில் நடுங்கும் ஒரு சொட்டு இரும்பு.

பதினோராம் இரவோ பன்னிரண்டோ
காதுக்குத்தான் முதலில் பிடிபட்டது.
கடுகு வெடித்துச் சிதறிய சத்தம் போய்
தகரக்கூரையில் சீரான மழை.
நிறுத்த மனமில்லாமல்
அலமாரியின் இழுப்பறையை
அதன் பெட்டியோடு சேர்த்தே ஒட்டிவிட்டேன்.
இனி யாரும் திறக்க முடியாது.

சனிக்கிழமை வண்டிக்கு அடியில்.
பேட்டரியைக் கழற்றினேன்.
துருவை அரைத்து அரைத்து, வெள்ளி தெரியும் வரை,
வெள்ளி தெரிவதற்குள் பாதி அடிப்பட்டை
பிஸ்கட்டாக உதிர்ந்தது முகத்தில்.
தகடு வெட்டி, வளைத்து, பொருத்தி,
இங்கே ஒரு புள்ளி, அந்தக் கோடியில் ஒரு புள்ளி,
சூடு ஓரிடத்தில் தங்கிக் கோணாமல்.
வாளித் தண்ணீரோடு காவலுக்கு இஷ்பெல்,
பதினான்கு வயது, போனிலிருந்து கண் எடுக்காமல்.

என் தகடு பற்றவில்லை.
மறுபடி வைத்தேன். பற்றவில்லை.
மூன்றாவது முறை
"அம்மா, பத்திக்கிச்சு" என்றாள்.
சிரித்தேன், பெருமையாகக்கூட இருந்தது.
"தகடு இல்ல. கம்பளம்."

அவள் ஊற்றிய தண்ணீர்
இருக்கை, கம்பளம், தகடு, என் கழுத்து
எல்லாவற்றுக்கும் சமமாகக் கிடைத்தது.
உள்ளே தரைக் கம்பளத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
தெரிந்ததைச் செய்வது வேறு வேலை.
கருகிய ரப்பர் நாற்றத்தில் உட்கார்ந்து
இருவரும் சிப்ஸ் தின்றோம்.
பிறகு அவள் போனைப் பையில் போட்டுவிட்டு
உள்ளே ஏறி, ஈரத்துண்டோடு
தகட்டின் மறுபக்கம் குந்திக்கொண்டாள்.
நான் அடியில், அவள் மேலே.
ஒரு மில்லிமீட்டர் எங்களுக்கு நடுவே.
"சூடு வருது," என்றாள். "இன்னும் வருது. நிறுத்து."
நிறுத்தினேன்.
"இப்போ போடு."

திங்கட்கிழமை டூகல் டார்ச் அடித்துப் பார்த்தான்.
நெடுநேரம் பார்த்தான்.
"புறா எச்சம் மாதிரி இருக்கு" என்றான்.
சுத்தியை எடுத்தான்.
தட்டினான். ஓங்கித் தட்டினான்.
இன்னும் ஓங்கி, கொஞ்சம் கோபத்தோடு.

சத்தம் வந்தது.

இப்போது அதிகாலை ஐந்தேகால்.
கடலோரச் சாலையில் உப்பு வண்டி எனக்கு முன்னே போகிறது,
கைகை நிறைய வெள்ளையாய் வாரி இறைத்துக்கொண்டு.
ஜன்னலைச் சாத்தினாலும்
கருகிய நாற்றம் போகவில்லை.
இடத்தகடு தாங்கும்.
வலப்பக்கம்
நேற்று ஸ்க்ரூடிரைவரால் சும்மா குத்திப் பார்த்தேன்.