இரண்டாம் ஆள் கட்டணம்

முப்பத்தோரு வருடம்
டுலூத் நகரத்துக் கடைகளின் தராசுகளைச் சோதித்தவன் நான்.
இறைச்சிக்கடைக்காரரின் கட்டைவிரல்
தட்டின் எந்த ஓரத்தில் படியும் என்று தெரியும்.
பெட்ரோல் பம்பு லிட்டருக்கு எத்தனை துளி களவாடும் என்று தெரியும்.
இப்போது ஆர்டிஸுக்கும் எனக்கும்
கடைசி வீட்டை எடைபோடுகிறேன்.
மஞ்சள் தாள். மூன்று பத்தி. கூர்சீவிய பென்சில்.

முதல் இடம் ஏரியைப் பார்த்து நிற்கிறது,
மாதம் ஏழாயிரத்து நானூறு டாலர்.
முன்கூடத்தில் ஒரு பியானோ
தன்னைத் தானே வாசித்துக்கொண்டிருந்தது,
எதிரே யாரும் உட்காராத பதினொரு நாற்காலிகள்.
சுற்றிக்காட்டிய பெண்ணின் பல்வரிசையில் ஒரு குறையும் இல்லை.
ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில்தான்
கட்டைவிரலைக் கண்டேன்:
காலுறை மாட்டிவிட நான்கு புள்ளி,
மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆறு,
குளிக்கும்போது பக்கத்தில் நிற்க ஒன்பது.
புள்ளிக்கு மாதம் பதினெட்டு டாலர்.
பார்க்கின்சன் வந்த என் மனைவி
ஐம்பத்திரண்டு புள்ளி.
அப்புறம், இரண்டாம் ஆள் கட்டணம்.
அதே அறை, அதே கட்டில்,
அவள் பக்கத்தில் நான் படுக்க
எண்ணூற்றைம்பது.
"ஐம்பத்தாறு வருடமாக இலவசமாகப் படுத்திருக்கிறேன்" என்றேன்.
அந்தப் பெண் சிரித்தாள்.
ஆர்டிஸ் சிரிக்கவில்லை.
"இலவசமா? யார் சொன்னது?"

இரண்டாவது இடத்தில் எல்லாம் பளபளப்பு.
குளியலறையில் அழைப்புச் சங்கிலியை இழுத்துவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்தொன்பது நிமிடம்.
மூச்சிரைக்க வந்த பெண் முந்தாநாள்தான் வேலைக்குச் சேர்ந்தாளாம்.
அவளுக்கு முன்பிருந்தவள் மூன்று வாரம் இருந்தாளாம்.
அதற்கு முன்னால் யார் என்று
யாருக்கும் நினைவில்லை.

மூன்றாவது, டயர் கடைக்குப் பின்னால்.
முட்டைக்கோஸ் வேகும் வாசனை, கம்பளத்தில் கறை.
மாநில ஆய்வாளர் கண்ட இரண்டு குறைகளையும்
வாசல் கண்ணாடியிலேயே ஒட்டிவைத்திருந்தார்கள்.
எனக்கு அது பிடித்தது.
சங்கிலிக்கு நான்கு நிமிடம்.
நம்பாமல், ஞாயிறு மாலை பனிக்காற்றில்
சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனேன்.
ஆறு நிமிடம்.

இரவு, சமையலறை மேசை.
வீட்டை விற்றால் வருவதையும் சேமிப்பையும் கூட்டி
ஓய்வூதியம் போக விழும் துண்டால் வகுத்தேன்.
ஏரி முகப்பில் முப்பத்தெட்டு மாதம்.
டயர் கடைக்குப் பின்னால் எழுபத்தொன்று.
பென்சில் நின்றுவிட்டது.
முப்பத்தொன்பதாவது மாதம் நாங்கள் உயிரோடிருந்தால்
அது கணக்குப் பிழை.

ஆர்டிஸ் தாளைப் பார்க்கவே இல்லை.
"கரண்டிக்காரி இருக்கும் இடம்" என்றாள்.

கெபெ. லைபீரியாவிலிருந்து வந்தவள்.
மதியச் சாப்பாட்டில் ஆர்டிஸின் கை நடுங்கி
சூப் கரண்டி விழுந்தது. வேறொன்று கொண்டுவந்தாள்.
அதுவும் விழுந்தது.
அடுத்த முறை மூன்று கரண்டிகளை வரிசையாக வைத்து,
"இன்றைக்கு இத்தனை விழலாம்" என்றாள்.
இதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன்.
"எதற்கு?" என்று திருப்பிக் கேட்டாள்.

சட்டப்படி, கூடுதலாக நிறுத்துக் கொடுக்கும் தராசும்
பிழையான தராசுதான்.
சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும்,
என் வேலைக்காலத்தில் ஒட்டியும் இருக்கிறேன்.
தாளில் அதற்குப் பத்தி இல்லாததால்
ஓரத்தில் சிறிதாக எழுதினேன்: கொசுறு.

விளக்கை அணைத்த பிறகுதான் நினைவு வந்தது,
அந்த வாசல் கண்ணாடியில் இன்னொரு தாளும் இருந்தது:
ஆட்கள் தேவை, மணிக்குப் பதினேழு டாலர்.
எதிரே டயர் கடையில்
பத்தொன்பதரை.