ஆறு கிழமை

இரண்டு வருடத்தில் நாற்பத்தெட்டு கிலோ போனது.
தோல் போகவில்லை.
தொடை இரண்டிலும் உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டு நின்றது,
வாடகைக்கு இருந்தவர்கள் வெளிக்கிட்ட பிறகும்
கொடியில் கிடக்கிற ஈரத்துணி மாதிரி.

என் நடைக்கு ஒரு சத்தம் இருந்தது.
கச்சேரிப் படியில் ஏறினால்
கீழே தபால் பிரிக்கிற புலேந்திரன்
தலை நிமிராமலே சொல்லுவார்:
"மிஸ் வந்திட்டா."

சித்திரை வெயிலில் உரசி உரசிப் புண்.
கிழமைக்கு ஒரு டின் பவுடர்.
டின்னின் அடியில் மிஞ்சினதை
அக்காவின் பெடியன்கள்
கெரம் போர்டுக்குக் கொண்டுபோவார்கள்.

"அங்க ஆருகா பாக்கப் போறா?"
மச்சி கேட்டா.
ஒருத்தரும் இல்லை மச்சி.
நான்தான் அதைக் காவிக்கொண்டு நடக்கிறேன்.

சீட்டுக்காசு, ஒரு சோடிக் காப்பு, சம்பளக் கடன்.

டொக்டர் நுஸ்கி என்னை நிற்கவைத்து
நீல மார்க்கரால் கோடு போட்டார்,
கவட்டிலிருந்து முழங்கால் வரைக்கும்.
பதினாலு வருடம் காணிக் கிளையில் இருந்து
ஊராரின் எல்லைகளை உறுதியில் பார்த்தவள் நான்.
என்னில் எல்லை கீறினது அன்றைக்குத்தான்.
"வீக்கம் வத்த மூணு மாசம்.
தழும்பு மங்கும். போகாது."
போகாது என்பதை அவர்
இரண்டு தரம் சொன்னது எனக்குப் பிடித்தது.

கண் விழித்தால் இரண்டு குழாய், இரண்டு போத்தல்.
மிஸ் பெனடிக்டா காலையில்
வெளிச்சத்துக்குப் பிடித்து அளப்பா.
எண்பது. அறுபத்தைந்து. நாற்பது.
பீற்றூட் தண்ணி நிறம்,
மறுகா தேத்தண்ணி, மறுகா வெறும் மஞ்சள்.
முப்பதுக்குக் கீழே வந்தால் கழற்றலாம்.
புள்ளி குறையவேண்டும் என்று
வாழ்க்கையில் முதல்தரம் நேர்த்தி வைத்தேன்.

காலில் இரத்தம் கட்டக்கூடாது என்று
மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்கள்.
கட்டிலில் இருந்து கதவுக்குப் பதினொரு அடி.
கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்,
திரும்பிப் போகவும் பதினொரு அடி கிடந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்:
குந்த முடியாது.
எங்கள் கக்கூசோ குந்துகிற கக்கூஸ்.
எலியாஸ் மாஸ்டர் முழங்கால் ஒப்பரேசனுக்கு வாங்கின
கொமட் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
அவர் மகன் கல்லடி ரோட்டால் நடந்து வந்தான்.
அதோடு ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று.

இரவும் பகலும் இறுக்கக் காற்சட்டை.
புழுங்காது என்று மார்கழியில் திகதி எடுத்தேன்.
மழை விடவில்லை.
கழுவின காற்சட்டை காயவில்லை.
அக்கா அயன் பிடித்துக் காயவைத்தா,
ஒரு கால், பிறகு மற்றக் கால்,
கரண்ட் நிற்கும் வரைக்கும்.
முழங்காலுக்கு நடுவில் தலையணை.
மல்லாக்கப் படுத்து ஓடு எண்ணினேன்.

பதினெட்டாம் நாள்
கவட்டு மடிப்பில் இரண்டு தையல் விட்டது.
கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தால்
ஒரு ரூபாய்க் குற்றி அளவு வாய்.
விடியும்வரை அதே நினைப்பு:
இருந்ததை இருக்கவிட்டிருக்கலாம்.
காலையில் படம் எடுத்து அனுப்பினேன்.
டொக்டர் எழுதினார்:
"இது நடக்கிறதுதான். கழுவுங்க, மூடுங்க, பொறுங்க."
முதல் இரண்டுக்கும் சாமான்
பார்மசியில் இருந்தது.

இப்போது கோடு ஊதா.
இடதுபக்கம் கொஞ்சம் கோணல்.
ஒரு சாண் இடம்
தொட்டால் இன்னும் என்னுடையது இல்லை.

மாசியில் கச்சேரிக்குப் போனேன்.
படி ஏற முன்னம் புலேந்திரனின் மேசையடியில் நின்றேன்.
அவர் தபால் பிரித்துக்கொண்டே இருந்தார்.
பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
மனுசன் திடுக்கிட்டு
முத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

பெடியன்களுக்குத்தான் கோபம்.
"சின்னம்மா, பவுடர் இல்ல.
காய் ஓடுதே இல்ல."