இணைப்பு ஆறு

பதினோராம் கலத்தில் கேட்கிறார்கள்:
நூறாண்டுக்கு மேற்பட்டது என்பதற்கு
எழுத்துச் சான்று.

பட்டா எண்பத்தாறோடு நின்றுவிடுகிறது.
கிரயப் பத்திரம் கிடையாது.
ஊஞ்சக்காட்டு வலசில் எங்கள் பூமியை
யாரும் யாருக்கும் விற்றதில்லை.
வந்த அலுவலரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன்.
அறுபதடி. வால்கயிறு உரசி உரசி
விளிம்புக் கல்லில் விரல் புதையும் பள்ளம்.
குனிந்து தடவிப் பார்த்தார், நல்ல மனிதர்.
"கல்லு பேசாதுங்க மேடம்,
காகிதம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இதெல்லாம் கம்பிக்காகத்தான்.
மார்கழியில் வந்து
கொறங்காட்டில் மூன்று முளை அடித்துவிட்டுப் போனார்கள்,
சிவப்புத் துணி கட்டி.
பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால்
உயரழுத்தக் கம்பி சுற்றிக்கொண்டு போய்விடும்,
எல்லைக்குள் எவனும் ஒரு செங்கல் வைக்க முடியாது
என்றான் தம்பி சென்னியப்பன்,
கோவையிலிருந்து, ஃபோனில்,
இரண்டையும் ஒரே மூச்சில்.

அட்டாலியில் கிடைத்தது பண்ணையக் கணக்கு.
கறையான் விட்டுவைத்த பக்கத்தில்:

பிலவங்க வருஷம் ஆடி எட்டாந் தேதி
திம்மன் பேரில் பற்று கம்பு மூணு வள்ளம்
பெண்சாதி பிரசவத்துக்கு ரூபாய் ரெண்டு.
ஐப்பசி பதினாறு
தோட்டத்துக் கிணத்தில் கல் சரிந்து திம்மன் தவறினது
அன்றைக்குக் கூலி அரை ஆள்
பாக்கி மகன் மாரன் பேருக்கு.

ஆக, கிணறு அப்போதே இருந்திருக்கிறது.
அதற்குள் ஒருவர் செத்ததால்
எங்களிடம் அத்தாட்சி இருக்கிறது.

"கிணறுன்னு வர்ற வரி மட்டும் போதும்,
மேலயும் கீழயும் காகிதம் வெச்சு மறைச்சுக்க"
என்றான் தம்பி.
குறிப்பிடத்தக்க நபர்கள் என்ற கலத்தில்
பாட்டனார் பேரை ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தான்,
கோயில் தேருக்குச் சக்கரம் கொடுத்தவர் என்று.
வெள்ளகோவில் ஜெராக்ஸ் கடைப் பையன்
கணக்கேட்டைக் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டு கேட்டான்:
"முழுசாங்களா, பாதியாங்களா?"
பின்னால் நாலு பேர் நின்றார்கள்.
முழுசு என்றேன்.

திம்மன் வழியில் கோகிலமணி இருக்கிறாள்.
திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங்.
ஷிப்ட் விட்டு வந்தவளிடம் தாளை நீட்டி
பேரைப் போட்டுக்கொள்ளலாமா என்றேன்.
பஸ் ஸ்டாப் வெளிச்சத்தில் நின்றபடியே படித்தாள்.
அரை ஆள் என்ற இடத்தில்
கட்டைவிரல் கொஞ்ச நேரம் இருந்தது,
துணியில் ஓட்டை தேடுகிறவள் விரல்.
அழுவாள் என்று எதற்காகவோ நினைத்திருந்தேன்.
"எனக்கொரு காப்பி வேணுங்க" என்றாள்.
"மனைப் பட்டாவுக்கு எழுதிப் போட்டு ஏழு வருசம்.
எத்தனை காலமா குடியிருக்கீங்க,
ஆதாரம் என்னன்னு கேக்கறாங்க."

எந்த மனை என்று நான் கேட்கவில்லை.
கிளுவை வேலிக்கு உள்ளே, கிழக்கு மூலையில்,
ஓலை போய் ஓடு வந்து, ஓடு போய் தகரம் வந்த
பதினோரு வீடு.
வேலி எங்களுடையது, வரியும் நாங்கள்தான் கட்டுகிறோம்.
சின்னம் என்று ஆகிவிட்டால்
அங்கே தகரம் தகரமாகவே இருக்கும்.

இரவு வரைபடத்தை விரித்து
பென்சிலால் எல்லையை உள்ளே தள்ளிப் போட்டேன்,
கிழக்கு மூலையை வெளியே விட்டு.
பெரிய மனுஷி வேலை செய்ததாக
ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் பார்த்தால்
மூன்றாவது முளையும் வெளியே நிற்கிறது.
கம்பி எங்களைச் சுற்றிப் போகுமென்றால்
அந்தக் கூரைகள் வழியாகத்தான் போகும்.
அழித்தேன்.
போட்டேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

திங்கட்கிழமை மனுநாள்.
அவள் மனுவிலும் என் மனுவிலும்
ஒரே பக்கம்தான் இணைப்பு.
ஃபோன் அடிக்கிறது, கோகிலமணி.
"டோக்கன் எத்தனை மணிக்குங்க குடுப்பாங்க?"
எட்டரைக்கு என்கிறேன்.
கிழக்கு மூலையில் ரப்பர் தூள்.
இன்னும் ஊதவில்லை.