கொருக்குப்பேட்டை கேட்

பங்கு பிரித்த அன்று
டிரம்ஸ் பாஸ்டர் சற்குணத்துக்கு,
அதன் தாளத்தட்டு ஒபதியா பிரதருக்கு.
நாற்காலிகளை எண்ணியவன் நான்தான்.
முதுகில் சபைப் பெயர் எழுதிய நீல நாற்காலி
அந்தப் பக்கம் எழுபத்தொன்று,
இந்தப் பக்கம் எழுபத்தொன்று.
திராட்சரசக் கிண்ணத்தில் ஒன்று மிஞ்ச
அதற்கு அரைமணி நேரம் வாக்குவாதம்.
கீழே மோட்டாருக்குக் காயில் கட்டும் பாய்
படியேறி வந்து கேட்டார்:
"சண்ட அப்புறம் போடுங்க,
இனிமே வாடக யார் தருவீங்க?"

நாங்கள் பாஸ்டர் ஆட்கள்.
என் மகன் டைபாய்டில் கிடந்தபோது
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில்
மூன்று ராத்திரி முழங்காலில் இருந்தவர்.
அதை மறந்தால் நான் மனுசனா?
கெசியாவின் தம்பி கிதியோன், ஒபதியா ஆள்.
காசிமேட்டில் ஐஸ் லாரிக்கு அடியில்
குடித்துக் கிடந்தவனைத் தோளில் போட்டு
வீடு சேர்த்தவர் அவர்.
அவன் மட்டும் எப்படி மறப்பான்?

"நான் எந்த மனுசன் பக்கமும் இல்ல,
இயேசு பக்கம்" என்றான் ஜெபக்கனி.
மறுமாதமே தண்டையார்பேட்டையில்
ஒரு மாடி பிடித்து
தன் போட்டோ போட்டு ஃபிளெக்ஸ் கட்டினான்.

சிலுவையைத்தான் பிரிக்க முடியவில்லை.
கூரை டிரஸ்ஸோடு சேர்த்து
வெல்டிங் அடித்தவன் நான்;
ஹார்பரில் கிரேனுக்கு அடிக்கிற ராடு.
"அறுத்துக் குடு மாமா" என்றான் கிதியோன்.
ஒயர் எடுத்து வருவதாகக் கீழே இறங்கினேன்.
கரண்ட் போயிற்று.
கர்த்தர் செயல் என்றார்கள் எங்கள் ஆட்கள்.
ஃபியூசைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார்கள் அவர்கள்.
பிடுங்கியது நான்.
கெசியாவிடம்கூடச் சொல்லவில்லை.

போன ஞாயிறு
கேட் போட்டிருந்தது.
எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த நிலக்கரி ரயில்
பாதி கடந்து அப்படியே நின்றுவிட்டது.
வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினால்
கிதியோன்.
பெட்ரோல் டேங்க் மேல் வேதப்புத்தகம்,
என்னுடையது போலவே ஜிப் பிய்ந்த உறை.
பாரிஸ் கார்னரில் சேர்ந்து பேரம் பேசி வாங்கியது.

"ஸ்தோத்திரம்" என்றுவிட்டேன், பழக்கத்தில்.
பதில் இல்லை.
இஸ்திரி போட்ட சட்டைகளில்
கரித்தூள் இறங்கிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
"அக்காவுக்குக் கால் வீக்கம் எப்படியிருக்கு?" என்று
ரயிலைக் கேட்டான்.
"இன்னும் வத்தல"
நானும் ரயிலிடம்தான் சொன்னேன்.

கடைசிப் பெட்டி போனது.
ஃபியூசைப் பற்றிச் சொல்ல
வாயெடுத்தேன்.
பின்னாலிருந்து எல்லா ஹாரனும்
ஒரே நேரத்தில்.