ஏழு ஷில்லிங் ஆழம்

நகராட்சி ஓவியக்கூடத்தின் நிலவறைச் சாவி
பதினோரு வருடமாக என் இடுப்பில்.
வியாழன்தோறும் ஆறு பேர் வந்தார்கள்,
பள்ளிக்கூடம் வெளியே நிறுத்திய ஆறு பேர்.
கிடங்கிலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும்,
வசந்தம் முடியும்வரை அது முன்கூடத்தில் தொங்கும்.
திட்டம் அவ்வளவுதான்.
பஸ் காசுக்கும் பிஸ்கட்டுக்கும் கையெழுத்து வாங்கவே
ஒரு மாதம் ஆயிற்று.

முதல் வாரம் கேலம் ஹீட்டரை விட்டு நகரவில்லை.
ரோகஸ் சட்டங்களின் விலை மட்டும் கேட்டான்.
"இங்க எல்லாருமே கப்பல் முதலாளியா?" என்றாள் டெமி-லீ.
முக்கால்வாசி.
மீதி, அவர்களுடைய நாய்கள்.

மூன்றாம் வாரம்
அடுக்கிலிருந்து ஒரு மீன்பிடிக் கப்பலை இழுத்தபோது
முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது.
பழுப்புத் துணி. ஆணித் துரு.
மூலையில் ஒட்டிய சீட்டு:
எண் 412, ஏழு ஷில்லிங், நவம்பர் 1931.
பெயர் இருந்த இடத்தை ஈரம் தின்றிருந்தது.
என் பேரேட்டில் அது 'துண்டுக் காகிதம், ஒன்று'.
"அடகுச் சீட்டு" என்றாள் அவள்.
"எங்க டிவிக்கும் இதே மாதிரிதான்.
பாதி அவங்களுக்கு, பாதி நமக்கு.
திருப்பிட்டா கிழிச்சிருவாங்க."

சீட்டு கிழியாமல் இருந்தது.

கேலம் ஹீட்டரிலிருந்து இறங்கி வந்தான்.
"அப்போ மூழ்கிப்போச்சு."

வடகடலின் ஜனவரிகளில் எல்லாம் மிதந்த கப்பல்
ஏழு ஷில்லிங் ஆழத்தில்.

அதை அப்படியே, முதுகு வெளியே தெரிய
மாட்டச் சொன்னார்கள்.
கொக்கியை இடம் மாற்றி அடித்தேன்.
திறப்பு நாளில் கவுன்சிலர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்,
சாய்த்தால் கடல் தெரியும் என்பதுபோல.
"படத்தைத் திருப்பக் கூடாதா?"
"ஏழு ஷில்லிங் குடுங்க, திருப்பலாம்" என்றாள் டெமி-லீ.
விளக்க அட்டையும் அவர்கள் எழுதியதுதான்,
அதிலிருந்த பிழையை ரோகஸ் திருத்த விடவில்லை:
'அந்தப் பக்கம் ஒரு கப்பல்.
கப்பலை நீங்கள் பாத்திருக்கிறீர்கள்.'

மே மாதம் பணம் தீர்ந்தது, திட்டமும்.
மழை நாட்களில் இரண்டு பேர் இன்னும் வருகிறார்கள்,
ஹீட்டருக்காகவாம்.
டெமி-லீயை ஒருமுறைதான் பார்த்தேன், பஸ் நிறுத்தத்தில்,
போர்வையில் சுற்றிய டிவியை
இரண்டு கையாலும் அணைத்தபடி.
கடைக்குப் போகிறாளா, கடையிலிருந்து வருகிறாளா,
கேட்கவில்லை.
திரை அவள் நெஞ்சோடு இருந்தது.
போர்வை விலகிய இடத்தில்
எனக்குத் தெரிந்தது
பின்பக்கம் மட்டும்.