இடப்பக்கம் இழுக்கிற வண்டி

ரப்பர் விலை கொஞ்சம் எழும்பிய மாசம்
அருமனையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த ஜீப்பை
எண்பத்தையாயிரத்துக்குப் பேசி முடித்தேன்.
தொண்ணூற்றாறு மாடல்.
விற்ற ஞானசிகாமணி
ஆர்.சி. புக் தந்தார், ஒரு ஸ்குரூ டிரைவர் தந்தார்,
சாவி தரவில்லை.
சாவி கிடையாது.
'யாராவது களவாண்டுட்டுப் போனா?'
'இதக் கிளப்பத் தெரிஞ்சவன்
களவாண்டுட்டுப் போவமாட்டான் பாத்துக்கிடுங்க.'

அன்று ராத்திரி
கத்தாரிலிருந்த ஜெபசிங்குக்கு
போனை சேஸுக்கு அடியில் நீட்டிக் காட்டினேன்.
'ஓட்ட வழியா மானந்தெரியுதே, விஜிலா.'
'மானமில்ல. நம்ம அயினி மரம்.'
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, இரும்புக்கடையில் கிலோ என்ன விலை என்று கேட்டார்.

குலசேகரத்தில் ரசாலம் மேஸ்திரி
வண்டியைப் பார்க்கவில்லை, கேட்டார்.
சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி
காதை வைத்து,
டாக்டர் முதுகில் தட்டுவதுபோல.
'இது மலைத் துரு இல்ல. கடல் துரு.
மலைத் துரு வெளியிலேந்து தின்னும், தெரியும்.
கடல் துரு பெயிண்ட அப்படியே விட்டுட்டு
உள்ளேந்து தின்னும்.'
பின்சேஸின் மடிப்பைச் சுரண்டினார்.
நகத்தளவு ஒரு செதில் வந்தது
இன்னும் மினுங்கிக்கொண்டு.

ஆர்.சி. புக்கின் முதல் பெயரை
அப்போதுதான் வாசித்தேன்:
சூசையடிமை, குளச்சல்.
எத்தனை வருசம் சாளையும் அயிலையும் சுமந்ததோ.
அப்புறம் ஞானசிகாமணியின் கைதச்சக்கை.
இப்போது என் பால் கேன்கள்.
மழை பெய்தால் கருவாடு மணக்கும்,
வெயில் ஏறினால் சக்கை.
ரெண்டும் சேர்ந்து வரும் நாளில்
டீக்கடைக்காரர் என்னைப் பார்க்காமலே
'விஜிலாக்கா வந்தாச்சு' என்பார்.

ஒட்டுப்பால் விற்ற காசு லீஃப் ஸ்பிரிங்குக்கு.
பிள்ளையின் டியூசன் பீஸ், ஒரு மாசம் தாமதமாக,
இன்ஜெக்டருக்கு.
கிங் பின்னுக்கு என்ன விற்றேன் என்று
இங்கே எழுதமாட்டேன்.
ஜெபசிங் இதை வாசிப்பார்.

ஃபோர் வீல் லிவரைக் கையால் போட முடியாது.
இடது குதிகாலால் ஒரு மிதி,
'சவமே' என்று ஒரு சொல்.
சொல்லாமல் மிதித்தும் பார்த்திருக்கிறேன்,
விழவில்லை.

இடவப்பாதி மழைக்கு முந்தி வந்த ஒரு தேர்தலில்
பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள பூத்துக்கு
வாடகைக்குக் கேட்டார்கள்.
ஓட்டு மெஷினுக்கு முன்சீட், கயிறு, தார்ப்பாய்.
சாருக்கு டூல்ஸ் பெட்டி.
அவர் ஏறி உட்கார்ந்து ரொம்ப நேரம் கழித்து
'டிரைவர் எப்ப வருவாரு?' என்றார்.
நான் ஸ்குரூ டிரைவரைத் திருகினேன்.
மூன்றாவது வளைவில் அவர்
மெஷினைக் கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சொல்ல விட்டுப்போனது:
வண்டி இடப்பக்கம் இழுக்கும்.
எப்போதும் ஓடைப்பக்கம், வேலிப்பக்கம்,
ஆண்டவர் இடப்பக்கம் எதைத் தந்தாரோ அதன் பக்கம்.
ரெண்டு வருசம்
ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டிப் பிடித்தே ஓட்டினேன்.
ஒருவழியாக டை ராட் எண்ட் கிடைத்தது.
ரசாலம் மாட்டினார்.
தெருமுக்கு வரை போய்த் திரும்பி வந்து
'இப்ப வலப்பக்கம் இழுக்குது' என்றேன்.
அவர் ஓட்டிப் பார்த்தார்.
கழிவுத்துணியில் கை துடைத்தார்.
'வண்டி நேராத்தான் போவுது.
இழுக்கது நீங்க.'

ஜனவரியில் ஜெபசிங் லீவுக்கு வந்தார்.
'கொண்டா, நான் ஓட்டுதேன்.'
பதினோரு வருசம் அங்கே
ரோட்டின் வலப்பக்கம் ஓட்டிய மனிதர்.
திற்பரப்பு ரோட்டில் ஏறியதும்
அழகாக, நிதானமாக
வலப்பக்கம் ஒதுங்கினார்.
எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர்
எங்கள் ரெண்டு குடும்பத்தையும் பெயர் சொல்லாமல் விசாரித்தார்.

'எறங்குங்க' என்றேன்.
இறங்கவில்லை.
'நீ சொல்லிக் குடு' என்றார்.

நான் இடது சீட்டில்.
மடியில் ஆர்.சி. புக்,
மூன்றாவது பெயர் இன்னும் மாற்றவில்லை.
ஒவ்வொரு வளைவிலும்
ஒன்றையும் பிடிக்காத என் கைகள்
தானாக வலப்பக்கம் வெட்டுகின்றன.
அவர் பார்க்கிறார்.
'ரோட்டப் பாருங்க' என்கிறேன்.