செல்லாத சொடுக்குகள்

ஆறு மணிக்குத் தின்னவேலிச் சந்தை.
கத்தரி முந்நூற்றிருபது.
பச்சைமிளகாய் அறுநூற்று நாற்பது, நேற்றைவிட நூறு கூட.
முருங்கைக்காயை மட்டும் கேளாதே என்கிறாள் பரிமளராணி,
பிறகு தானே சொல்கிறாள்.
ஒரு கையால் ஸ்கூட்டியைப் பிடித்தபடி
மறுகையால் தட்டி ஏற்றுகிறேன்.
ஏழு மணிக்கு முன் இணையத்தில் இருக்கும்
இன்றைய விலை.

தளம் தொடங்கி ஐந்து மாதம்.
பெயருக்கு வருடக் காசு, இடத்துக்கு மாதக் காசு.
தம்பியிடம் மாறியது என்பதை
எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

விளம்பரத்துக்கென்று
மேலே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பெட்டி
பாத்தி கட்டுவதுபோலக் கட்டிவிட்டேன்.
என்ன முளைக்கும் என்பது என் கையில் இல்லை.
எனக்கு முளைப்பது
வெள்ளவத்தையில் தொடர்மாடி, கடல் தெரியும் அறை.
ட்ரொம்ஸோவில் இருக்கும் குகதாசன் மச்சானுக்கு
பனிக்கால ரயர்.
படம் பிடித்து அனுப்பினான்:
கறுத்த நாலு சில்லு, சுற்றிவர வெள்ளை,
அதற்குக் கீழே
முருங்கைக்காய் கிலோ தொள்ளாயிரம்.

வருகிறவர்கள் நாளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் முந்நூற்று எழுபத்தொரு பேர்
இங்கே ஒரு கத்தரிக்காயும் வாங்கமுடியாத தூரத்தில்.
என்னத்துக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.
'சும்மா' என்று எழுதினார் ஒருவர்,
ஸ்காபரோவில் அப்போது இரவு எட்டரை.
அந்தச் சும்மாவுக்கு
முதல் மாதம் ஒரு நாளைக்குப் பதினொரு சதம்.
அமெரிக்கச் சதம்.

காசு தருமுன் வீடு உண்மையோ என்று அறிய
கடிதம் வந்தது, உள்ளே ஆறு இலக்கம்.
ஒழுங்கை பிழை என்று இரண்டு தரம் திரும்பிப்போய்
மூன்றாம் தரம் மணியடித்தார் தபால்காரர்.
'வெளிநாட்டுக் கடிதம் பிள்ளை. ஸ்பொன்சரோ?'
ஓம் என்று சொல்லிவிட்டேன்.
அதுவும் பொய்யில்லை.

தண்ணிப்பம்பு திருத்தும் யோகச்சந்திரன்
தானாகவே வந்து ஆயிரத்தைந்நூறு நீட்டினார்.
ஃபோனில் அவருடைய விளம்பரத்தைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
'வடிவாக் கிடக்கு. இதை வெட்டிக்
கடைச் சுவரில ஒட்டேலாதோ?'
அச்சடித்துக் கொடுத்தேன்,
நாற்பது ரூபா என் செலவு.

பிறகுதான் பெட்டியில் காசு கூடத் தொடங்கியது.
நாற்பது சதம். எழுபது. ஒரு நாள் ஒரு டொலர்.
நான் வளர்கிறேன் என்று நினைத்தேன்.
தம்பியிடம் தவணைகூடச் சொன்னேன்.

முப்பத்தெட்டு டொலர் அறுபத்தொரு சதத்தில்
மின்னஞ்சல்:
செல்லாத சொடுக்குகள் கண்டறியப்பட்டன.
கணக்கு மூடப்படுகிறது.

மச்சானுக்கு எடுத்தேன்.
'ஒவ்வொரு இடைவேளைக்கும் அமத்திறனான்' என்றான்.
மீன் தொழிற்சாலை, இரவு வேலை,
கையுறையைக் கழற்றி, விறைத்த விரலால்.
'உனக்குச் சொல்லாமச் செய்வமெண்டு.'

மேல்முறையீட்டுக்கு ஒரு பெட்டி கிடந்தது.
ஆயிரம் எழுத்துக்குள் காரணம்.
எழுதினேன்:
ஐயா, அவர் என் மாமாவின் மகன்.
ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில்,
நாற்பது தரம் ஒன்றை அமர்த்துகிறவரை
நீங்கள் திருடன் என்கிறீர்கள்.
நாங்கள் சொந்தக்காரன் என்கிறோம்.
அழித்தேன்.
திரும்ப எழுதினேன்: தவறுக்கு வருந்துகிறேன்.
அனுப்பினேன். பதில் ஒரு நிமிடத்தில் வந்தது,
வாசித்திருக்க நேரம் காணாது.

இன்று ஆறு மணிக்குத் தின்னவேலிச் சந்தை.
மேலே உள்ள பெட்டி வெறும் வெள்ளை,
நடுவில் யோகச்சந்திரனின் பம்பு.
வெங்காயம் ஏற்றுகையில் ஃபோன் அடித்தது.
'எங்கயடி அந்த ரயர் விளம்பரம்? காணேல்லை.'
'எடுத்துப்போட்டாங்கள். உன்னாலைதான்.'
'ஐயோ' என்றான், பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.
'நான் மெய்யாவே வாங்கினனான்.
நாலும். உன்ரை பக்கத்தாலை போய்.
போன கிழமைதான் பூட்டினது.'

பரிமளராணி தராசைத் தட்டினாள்.
வெங்காயம் இருநூற்றெண்பது, பிள்ளை,
எழுதுறியோ இல்லையோ?